பதினேழாவது வீடியோ

எனக்கு வலிப்பு வந்ததை நான் பார்த்ததில்லை. வந்தவனால் பார்க்க முடியாது. ஷூவின் அடிப்பாகத்தில் ஒட்டுகிற சொல்யூஷன் பூசிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்து எனக்குத் தெரிவது ஆம்புலன்ஸின் கூரை. நடுவில் நடந்தது அங்கே நின்றிருந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது.

இரண்டரை வருடம் ஆகிறது. ஆம்பூரில் ஒரு பெரிய ஷூ கம்பெனி, முதல் யூனிட், நைட் ஷிப்ட். தோல் தொழில்நுட்ப டிப்ளமோவை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த வேலை. பதினோராவது மாதத்தில் விழுந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேட்டைத் தாண்டவில்லை. சூப்பர்வைசர் போன் செய்தபோது எடுக்கவில்லை. என் சாப்பாட்டு டப்பா அங்கேயே கிடந்தது, அதையும் போய் எடுத்து வரவில்லை. படிப்பையும் பாதியில் விட்டான், நைட் ஷிப்டையும் பாதியில் விட்டான், உருப்படாதவன் என்று மாதனூரில் எங்கள் தெருவே பேசியது. வலிப்புக்காரன் என்று பேசுவதற்கு இது எவ்வளவோ மேல் என்றாள் என் அம்மா சம்பூர்ணம். எதிர்த்துப் பேச எனக்கும் காரணம் இருக்கவில்லை.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் டாக்டர் ஃபிர்தௌஸ். நரம்பு மருத்துவர். பேர்ணாம்பட்டுக்கார அம்மா. அவருடைய அப்பா பச்சைத் தோல் வியாபாரி. ஸ்கேனில் என் மூளைக்குள் அரைப் பட்டாணி அளவுக்கு ஒரு தழும்பைக் காட்டினார்.

"எப்பவோ வந்து ஆறிப் போனது. தூக்கம் கெட்டா இது முழிச்சிக்கும். நைட் ஷிப்ட் உனக்கு ஆவாது. காலைல எட்டுக்கு ஒரு மாத்திரை, ராத்திரி எட்டுக்கு ஒண்ணு. ஒரு வேளைகூட விடக் கூடாது."

விடவில்லை. வலிப்பும் திரும்ப வரவில்லை. இப்போது ஒரு தோல் கிடங்கில் தரம் பிரிக்கிறேன். பகல் வெளிச்சத்தில் மட்டும் செய்ய முடிகிற வேலை. ஒவ்வொரு தோலாக விரித்து, உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. செக்கப் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அதற்கும் அரை நாள் பர்மிஷன்தான்.

இந்த வருடம் வைகாசியில் பெண் பார்த்தார்கள். பாரதி. ஆம்பூரில் நான் விழுந்த அதே கம்பெனியின் இரண்டாவது யூனிட்டில் தையல் பிரிவில் செக்கிங் செய்கிறாள். அவளுடைய அப்பா பஞ்சாட்சரமும் அங்கேதான், தையல் மெஷின் மெக்கானிக். அதே கம்பெனி என்று கேட்டதும் வேறு இடம் பார்க்கலாம் என்றேன். அம்மா கலங்கவில்லை.

"அவரு ரெண்டாவது யூனிட்டு. பகல் ஷிப்ட்டு. ரெண்டாயிரம் பேர் வேல செய்ற எடத்துல நைட்ல எவன் வுழுந்தான்னு அவரு எழுதியா வெச்சிக்கினு இருப்பாரு? நைட் ஷிப்ட் ஒத்துக்கல, விட்டுட்டான்னு சொல்லியாச்சி. அது பொய்யா?"

பொய்யில்லை. அதுதான் சிக்கல்.

ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரதியோடும் அவள் தம்பியோடும் அமிர்தி ஜூவுக்குப் போனேன். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே வாக்கியம் தயார் செய்திருந்தேன். தம்பி ஐஸ் வாங்கப் போனான். மான் கூண்டுக்கு முன்னால் நாங்கள் இருவர் மட்டும். வாயைத் திறந்தேன்.

"மானு நல்லா இருக்கு இல்ல?" என்றேன்.

"எளச்சி போயிருக்கு," என்றாள் அவள்.

அவ்வளவுதான் பேசினேன்.

ஆடி மாதச் செக்கப்புக்குப் போனபோது டாக்டரின் மேசையில் ஒரு கத்தை அச்சுக் காகிதம் இருந்தது. வெளிநாட்டு மருத்துவ இதழில் வந்த அவருடைய கட்டுரை. ஆறு கம்பெனிகளின் கேமராக்களில் ஐந்து வருடத்தில் பதிவான வலிப்புகளை அவர் சேர்த்திருந்தார். நாற்பத்தொரு வீடியோ. விழுந்த ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தார். நானும் போட்டிருந்தேன். முகத்தை மறைத்துவிடுவார்கள் என்றதால் போட்டேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு நீளமான அட்டவணை. பதினேழாம் எண்ணில் பேனாவை வைத்தார். ஆண், 23, ஷூ கம்பெனி, நைட் ஷிப்ட். அதற்கப்புறம் எனக்குப் புரியாத சுருக்கெழுத்துகள்.

"இது நீ," என்றார்.

ஒரு வரி. ஊர் இல்லை, பெயர் இல்லை. இப்படியே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"மேடம், ரெண்டு வேளை மாத்திரைய ஒரே வேளையா மாத்த முடியுமா?"

"ஏன், மறந்து போவுதா?"

"இல்ல."

"தல சுத்துதா?"

"இல்ல மேடம். சும்மா கேட்டேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "கல்யாணமா?"

"இல்ல மேடம்."

அவர் என்னை நம்பினாரா என்று தெரியாது. காகிதத்தைத் திருப்பினார். "இதுல ரெண்டாவது பாதி பூரா மாத்திரைதான். முப்பத்து மூணு பேருக்குக் குடுத்தேன். விடாம சாப்ட்டவங்க இருவத்து மூணு பேரு. அதுல பத்தொம்போது பேருக்கு ரெண்டு வருஷமா வலிப்பே இல்ல, உன்ன மாதிரி. விட்டுட்டவங்க பத்து பேரு. அந்தப் பத்துல ஏழு பேரு விட்டது எப்போ தெரியுமா? கல்யாணம் ஆன பொறவு. ஒருத்தன் சத்து மாத்திரை டப்பால போட்டு ஒளிச்சி வெச்சிருந்தான். மச்சான் மெடிக்கல் ஷாப்பு. மாத்திரைய பாத்ததும் கண்டுபுடிச்சிட்டான். இவன் வெக்கப்பட்டுக்கினு மொத்தமா நிறுத்திட்டான். மூணாவது மாசம் பைக்ல போவும்போது வந்துச்சி."

"செத்துட்டாரா?"

"சாவல. கால்ல கம்பி வெச்சிருக்கு. வலிப்ப காட்டிக் கல்யாணத்த செல்லாதுன்னு சொல்ற விதியையே சட்டத்துலேர்ந்து எடுத்து இருவத்தஞ்சு வருஷம் ஆச்சு. ஜனங்க இன்னும் டப்பா மாத்திக்கினு இருக்காங்க."

என் பையில் அப்போது ஒரு காலி சத்து மாத்திரை டப்பா இருந்தது. காலையில்தான் வாங்கி, மாத்திரைகளைக் கொட்டிவிட்டிருந்தேன். பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தேன்.

"வர்ற சனிக்கெழம ஆம்பூர்ல உன் பழைய கம்பெனில கூட்டம் வெச்சிருக்கேன். படிச்சவங்க படிக்கிறதுக்குக் கட்டுரை போட்டாச்சி. வுழறவங்களுக்கும் சொல்லணும் இல்ல? அஞ்சு வீடியோ காட்டுவேன். உன்னோடதுல எல்லாத் தப்பும் ஒரே எடத்துல இருக்கு, பாடம் நடத்த வசதி. கையெழுத்து இருக்கு. இருந்தாலும் இன்னொரு தபா கேட்டுக்கறேன். காட்டட்டுமா?"

"எந்த யூனிட் மேடம்?"

"ரெண்டாவது."

வேண்டாம் என்றால் ஏன் என்பார். மாமனார் அங்கே இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். கல்யாணம் இல்லை என்று ஒரு நிமிடத்துக்கு முன்தான் சொல்லியிருந்தேன்.

"காட்டுங்க மேடம்," என்றேன்.

பஸ் ஏறியதுமே என்னை நானே திட்டிக்கொண்டேன். போன் செய்து வேண்டாம் என்று சொல்ல நான்கு நாள் இருந்தது. செய்யவில்லை. போன் எடுப்பது, எண்ணைப் பார்ப்பது, வைத்துவிடுவது. வியாழக்கிழமை போன் அதுவாக அடித்தது. பஞ்சாட்சரம்.

"மாப்ள, சனிக்கெழம மத்தியானம் இன்னா வேல?"

"கிடங்குதான் மாமா. ஏன்?"

"நம்ம கம்பெனில ஒரு டாக்டரம்மா வந்து காக்கா வலிப்பு பத்திப் பேசறாங்களாம். வெளி ஆளுங்களும் வரலாம்னு சொல்லிட்டாங்க. வாங்களேன்."

"எனக்கு எதுக்கு மாமா அது?"

"தெரிஞ்சிக்கறது நல்லதுதான? நாளைக்கு கண்ணு எதிர்ல எவனாவது வுழுந்தா இன்னா பண்றதுன்னு தெரியணும் இல்ல?"

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தெரிஞ்சி போச்சிடா அவருக்கு. ஊரக் கூட்டி அவமானப்படுத்தத்தான் கூப்புடறாரு. போவாத. வயித்தால போவுதுன்னு சொல்லிடு."

போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். போனால் யார் முகம் எப்படி மாறுகிறது என்றாவது பார்க்கலாம். இன்னொரு காரணமும் இருந்தது, அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த வீடியோவை எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

கிடங்கில் என்னோடு வேலை செய்யும் ஹம்மாத் என் பங்குத் தோலையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். "இன்னா தோஸ்த், மாமனார் கூப்ட்டா வலிப்புக் கூட்டத்துக்குக்கூட ஓடறே? என் மாமனார் பிரியாணிக்குக் கூப்ட்டாலே நான் யோசிப்பேன்."

சனிக்கிழமை மூன்று மணி. இரண்டாவது யூனிட்டின் கேன்டீன். இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள், முக்கால்வாசி பெண்கள். பஞ்சாட்சரம் வாசலிலேயே நின்றிருந்தார். எல்லா மெக்கானிக்கும் ஸ்குரூ டிரைவரைச் சட்டைப் பையில் வைப்பார்கள். இவர் பின்கழுத்தில், காலருக்குள் சொருகிக்கொள்வார். மஞ்சள் கைப்பிடி கழுத்துக்குப் பின்னால் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க மாப்ள. முன்னாடி உக்காருங்க."

"பின்னாடியே உக்காந்துக்கறேன் மாமா."

அவர் என்னை வற்புறுத்தவில்லை. என் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். மூன்றாவது வரிசையில் பாரதி தோழிகளோடு இருந்தாள். திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள், நீங்க எங்கே இங்கே என்பதுபோல. நான் தலையை ஆட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.

டாக்டர் ஃபிர்தௌஸ் மைக்கை வாங்கியதும் கேட்டார்: "வலிப்பு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"இரும்பு குடுப்போம்," என்றது ஒரு குரல்.

"செருப்பு மோந்து பாக்க வெப்போம்," என்று பத்துக் குரல்கள்.

"எங்க ஊரு பேர்ணாம்பட்டு. எங்க வூட்ல சோத்துலகூடத் தோல் வாசனை வரும். தோல் வாசனைல வலிப்பு நிக்கும்னா ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி மூணு ஊர்லயும் ஒருத்தருக்கும் வலிப்பே வரக் கூடாதே?"

ஒரு பெண் எழுந்தாள். "மேடம், அது பழைய செருப்புக்குத்தான் பவரு. இங்க எல்லாம் புதுசு இல்ல?"

"எக்ஸ்போர்ட் ஷூவுக்கு நம்ம ஊரு வலிப்பு அடங்காதுடி," என்றாள் இன்னொருத்தி. கேன்டீன் சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

"சிரிங்க. நான் எண்ணிப் பாத்து வெளிநாட்டுப் பத்திரிகைல கட்டுரையே போட்டிருக்கேன். நாப்பத்தியோரு வலிப்பு. ஷூ வெச்சது இருவத்தி ரெண்டு. சாவி, கம்பி குடுத்தது பதினொண்ணு. ஒண்ணும் பண்ணாம விட்டது எட்டு. மூணுலயும் கிட்டத்தட்ட ஒரே நேரம். சராசரி ஒரு நிமிஷம் இருவது செகண்டு. தானா வந்துச்சி, தானா போய்டுச்சி. நீங்க ஷூவ தேடி எடுத்தாந்து வெக்கிறதுக்குள்ள அது முடியற நேரம் ஆயிடுது. பேரு ஷூவுக்குப் போவுது. இன்னொரு கணக்கும் கேளுங்க. கீழ வுழுந்ததால காயம் பட்டவங்க ஒம்போது பேரு. ஒதவி பண்ண வந்தவங்களால காயம் பட்டவங்க பதினாலு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

முதல் இரண்டு வீடியோ வேறு கம்பெனி. மூன்றாவதாக அவர் போட்டது என்னுடையது. மூலையில் நேரம் ஓடியது. முகங்களுக்கு மேல் சாம்பல் கட்டம். வரிசையாக மேசைகள், எல்லோருக்கும் ஒரே நீல மேலங்கி. நாற்காலியில் இருந்த ஒருவன் கையில் பிரஷோடு அப்படியே சாய்ந்து விழுந்தான். கை கால் விறைத்தது. பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. அது நான்தான் என்று எனக்குத் தெரிந்தும், யாரையோ பார்ப்பது போலத்தான் இருந்தது. பயங்கரமாக இருக்கும் என்று இரண்டரை வருடம் நினைத்திருந்தேன். அசிங்கமாகத்தான் இருந்தது. பயங்கரமாக இல்லை.

ஓரத்திலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தார். முகத்தில் சாம்பல் கட்டம். கையில் ஒரு ஷூ. அதை என் மூக்கோடு சேர்த்து அழுத்தினார். பிறகு குனிந்தார். அவர் பின்கழுத்திலிருந்து மஞ்சளாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐய்யோ, பஞ்சாட்சரம் அண்ணா!" என்று ஒருத்தி கத்தினாள்.

"ஆமாண்டி! ஸ்குரூ டிரைவர பாரு!"

"மூஞ்சிய மறச்சா இன்னா, அண்ணன் கொம்பு தெரியுதே!"

இருநூறு தலைகளும் பின்னால் திரும்பின. என் பக்கம் திரும்பின என்றுதான் நினைத்தேன். அவர்கள் பார்த்தது என் பக்கத்தில் இருந்தவரை. ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. கீழே விழுந்து கிடப்பவன் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

திரையில் அவர் ஸ்குரூ டிரைவரை உருவினார். கைப்பிடியை என் பற்களுக்கு நடுவில் விட்டு நெம்பினார். நாக்கைக் கடித்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு தோல் துண்டை உள்ளே திணித்தார். என் நாக்கு தானாக முன்பல்லுக்குப் போனது. பாதி உடைந்த பல். விழுந்தபோது உடைந்தது என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

வீடியோ நின்றது. நான் பஞ்சாட்சரத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது வரை சிவந்திருந்தது.

"ஷூ வெச்சாரு, மூச்சு அடச்சிது," என்றார் டாக்டர். "வாயத் தொறந்தாரு, பல்லு ஒடஞ்சிது. நல்ல மனசு. அதுல சந்தேகம் இல்ல. மத்தவங்க எல்லாம் தள்ளி நின்னாங்க, இவரு ஒருத்தர்தான் கிட்ட வந்தாரு. ஆனா வாயில ஒண்ணும் வெக்கக் கூடாது. ஒருக்களிச்சிப் படுக்க வெச்சி, பக்கத்துல இருக்கற பொருள நகத்திட்டு, வாட்ச்ச பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ். அவ்ளோதான்."

மீதி இரண்டு வீடியோவும் ஓடிக் கூட்டம் முடிந்து மணி அடித்ததும் எல்லோரும் மெஷினுக்குத் திரும்பினார்கள். போகும்போது ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். "அண்ணா, என் பல்லு வலிக்குது, கொஞ்சம் பாக்கறியா?" என்றான் ஒருவன். பஞ்சாட்சரம் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக் கேன்டீனுக்குப் பின்னால், கை கழுவும் குழாய்ப் பக்கம் கூட்டிப் போனார்.

"மொதல் யூனிட்ல அன்னிக்கு மெஷின் மக்கர். மெக்கானிக் இல்லன்னு என்னக் கூப்ட்டாங்க," என்றார். "ஆம்புலன்ஸ்ல ஏத்தற வரைக்கும் நான்தான் கூட இருந்தேன். மறுநாள் கேட்டா, அந்தப் பையன் வேலைய விட்டுட்டான்னாங்க. ஒரு மாசம் எனக்குத் தூக்கம் இல்ல. செத்து கித்துப் போய்ட்டியோன்னு."

"என்ன எப்போ அடையாளம் தெரிஞ்சிது மாமா?"

"பொண்ணு பாக்க வந்து சிரிச்சியே. பல்லு. நான் ஒடச்ச பல்லு எனக்குத் தெரியாதா?"

வாங்க போங்க காணாமல் போயிருந்தது. எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

"அப்ப ஏன் கேக்கல?"

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறது? உனக்கு வலிப்பு உண்டான்னு கேட்டா, உனக்கு எப்டித் தெரியும்னு உங்கம்மா கேக்கும். உங்க புள்ள பல்ல நெம்பி ஒடச்சது நான்தாம்மான்னு சம்பந்தி வூட்ல சொல்லச் சொல்றியா? நீயா சொல்லுவேன்னு ரெண்டு மாசமாப் பாத்தேன். நீ மானப் பத்திப் பேசினு வந்தியாமே. அதான் இந்தக் கூட்டத்துக்குக் கூப்ட்டேன், இதக் கேட்டாவது வாயத் தொறப்பேன்னு."

"சம்பந்தம் வேணாம்னு சொல்லியிருக்கலாமே, மாமா. எதுக்கு ஒத்துக்கினீங்க?"

"உங்க கிடங்குல போய் விசாரிச்சேன். ஒரு சாய்பு பையன் இருக்கானே, அவன்தான் சொன்னான், ரெண்டு வருஷமா ஒரு நாளு லீவு இல்ல, குடி இல்ல, பேஜார் இல்லன்னு. குடிச்சிட்டு ரோட்ல வுழறவனுக்கெல்லாம் பொண்ணு குடுக்கறாங்க. மாத்திரை சாப்ட்டு வுழாம இருக்கறவனுக்குக் குடுத்தா இன்னா?" குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். "ஆனா பாரதிக்குத் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். அது உன் வேல. இன்னிக்குச் சொல்லு. இல்லன்னா நிச்சயம் கெடையாது. நெசமாத்தான் சொல்றேன்."

பாரதி கேன்டீனுக்குள்ளேயே நின்றிருந்தாள். அப்பாவைக் கிண்டல் செய்யக் காத்திருந்தாள் போல. டாக்டர் லேப்டாப்பின் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். இந்த முறை நான் வாக்கியம் தயார் செய்யவில்லை.

"அந்த வீடியோல வுழுந்தது நான்தான்," என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். சிரிப்பு போய்விட்டது.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்மா."

"உங்கம்மாக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"தெரியும்."

"டாக்டருக்கும் தெரியும். கட்டுரை படிச்ச வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியும். இங்க இருக்கற எரநூறு பேரும் பாத்தாச்சி. கட்டிக்கப் போறவ எனக்கு மட்டும் தெரியாது. நல்லா இருக்கு." என்னிடம் ஒரு அடி நெருங்கி வந்தாள். "அமிர்தில சொல்ல வந்தீங்க, இல்ல? மானப் பாத்துட்டு முழிச்சீங்களே, அப்பவே நெனச்சேன் என்னமோ இருக்குன்னு. வேற எவளையாவது லவ் பண்றீங்களோன்னு ஒரு மாசமா யோசிச்சிக்கினு இருக்கேன்."

"அதெல்லாம் இல்ல."

"இல்லன்னு இப்பத் தெரியுது."

பையில் இருந்த காலி டப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவளிடம் ஒளித்து மாத்திரை சாப்பிட நினைத்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு நல்லவன் என்று பெயர் மிஞ்சியிருக்கும். அதற்கு ஆசைப்படக்கூட அப்போது தெம்பு இல்லை.

அவள் டாக்டரிடம் போனாள். "மேடம், அந்த வீடியோவ இன்னொரு வாட்டி போடுவீங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "யாரு இது?"

"கல்யாணம் இல்லன்னு சொன்னேனே மேடம்," என்றேன். "அந்தக் கல்யாணப் பொண்ணு."

டாக்டர் ஒயர்களைத் திரும்பப் பிரித்தார். "மூஞ்சியெல்லாம் மறச்சேன். ஸ்குரூ டிரைவர மறைக்கணும்னு தோணல. அடுத்த ஊருக்குப் போறதுக்குள்ள அதுக்கும் ஒரு கட்டம் போடணும்."

பாரதி லேப்டாப்புக்கு முன்னால் நின்று பார்த்தாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. ஷூவைப் பார்க்கவில்லை. கீழே கிடந்தவனையே பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வெட்டி இழுப்பது நிற்கும் வரை அவள் இமைக்கவில்லை. நின்றதும் மூலையில் இருந்த நேரத்தைக் குனிந்து படித்தாள்.

"எழுவத்தி நாலு செகண்டு," என்றாள். "இவ்ளோதானா?"

"இவ்ளோதான்," என்றார் டாக்டர். "மாத்திரைய ஒழுங்கா சாப்ட்டா இதுவும் அநேகமா இல்ல. அநேகமான்னு சொல்றேன், கவனி. எழுதித் தர மாட்டேன்."

"கொழந்தைக்கு வருமா மேடம்?"

"இவருக்கு இருக்கறது தழும்பு. தழும்பு வாரிசா வராது."

"அடுத்த செக்கப் எப்போ?"

"பொரட்டாசி கடைசில."

"நானும் வர்றேன். எனக்கு இன்னும் கேக்கணும்." என் பக்கம் திரும்பினாள். "உங்க மேல எனக்குக் கோவம் போவல. அது போறப்ப போவும். நிச்சயத்த தள்ள வேணாம். ஆனா அன்னிக்கி எங்க ஜனம், உங்க ஜனம் எல்லாம் உக்காந்து இருக்கும்போது எல்லார் எதிர்லயும் மாத்திரை போடணும். எவனாவது இன்னான்னு கேட்டா நான் பதில் சொல்றேன்."

"சரி," என்றேன்.

"அப்பா, நீங்க அந்த ஸ்குரூ டிரைவர மண்டபத்துக்கு எடுத்தாரக் கூடாது."

"அது இல்லாம கழுத்து லேசா இருக்கும்மா," என்றார் பஞ்சாட்சரம்.

அவள் மெஷினுக்குப் போய்விட்டாள். ஏற்கெனவே இருபது நிமிடம் தாமதம்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அம்மாவிடமிருந்து ஆறு முறை போன் வந்திருந்தது. மாதனூரில் இறங்கியதும் பேசிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினேன். யாரோ தோளைத் தட்டினார்கள். கண்டக்டர்.

"எங்க போவணும்?"

"மாதனூர்."

"மாதனூர் போயி எவ்ளோ நேரம் ஆச்சி தெரியுமா? பள்ளிகொண்டா வந்தாச்சி. வாயத் தொறந்துக்கினு அப்டி ஒரு தூக்கம். ஊர் பேரக் கத்திக் கத்திப் பாத்தேன்யா. தட்டி எழுப்ப மனசே வரல."

இறங்கினேன். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும் பஸ்ஸுக்காக நின்றபடி அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இன்னாடா ஆச்சி? எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சா?"

"தெரிஞ்சி போச்சிம்மா."

"ஐயோ, அப்ப நிச்சயம்?" என்றாள்.

"நிச்சயம் அதே தேதிதான்," என்றேன். "நான் பள்ளிகொண்டால நிக்கறேன். தூங்கிட்டேன்."